பைபாஸுக்கு உள்ளே ஒரு ஊர்

சாத்தூர் வழியாகப் போனவர்கள் தென் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். சாத்தூருக்கென்று போனவர்கள் அதில் மிகச் சிலர்தான். விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் வைப்பாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரை ஒரு காலத்தில் யாராலும் தவிர்க்க முடியாது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகிற பஸ் எதுவானாலும் ஊருக்குள் நுழைந்து, கடைத்தெருவை உரசிக்கொண்டு போய், ஆற்றுப் பாலம் ஏறித்தான் தெற்கே இறங்க வேண்டும். வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த தேசிய நெடுஞ்சாலை 7-க்கு சாத்தூரில் மெயின் ரோடு என்றுதான் பெயர்.

அப்போது ஓடியவை பாண்டியன் பஸ், கட்டபொம்மன் பஸ், தொலைதூரத்துக்குத் திருவள்ளுவர். 1997-இல் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டு எல்லாம் அரசுப் போக்குவரத்துக் கழகமாகிற வரைக்கும் பஸ்ஸை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். சாத்தூரில் வண்டி நின்ற மறுநொடி வெள்ளரிப் பிஞ்சுக் கூடைகள் ஜன்னலுக்கு உயரும். நான்காகக் கீறி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவி, கையில் திணித்துவிட்டுத்தான் காசைக் கேட்பார்கள். பின்னாலேயே சேவுப் பொட்டலக்காரர்கள். முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவதற்குள் பத்துப் பொட்டலம் விற்றிருக்கும். டிரைவர் ஹாரனில் கை வைத்தால், அரை டம்ளர் டீயோடு ஓடி வருகிறவர்களை அன்றாடம் பார்க்கலாம்.

அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்ட் சாப்பாட்டைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. அங்கே சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மறுபடி எப்போது வருவார்கள் என்று கடைக்காரருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. டீயில் தண்ணீர் கூடும். காலையில் போட்ட வடை ராத்திரி வரைக்கும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். சாம்பார் தீரத் தீர வெந்நீர் ஊற்றி நீட்டுவார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்தில் ஐம்பது பேர் இறங்கி ஏறுகிற இடத்தில் ருசியைப் பார்க்க யாருக்கு நேரம்?

ரயிலிலும் இதே கதைதான், கொஞ்சம் இனிப்பாக. கோவில்பட்டிக்குத் தெற்கே கடம்பூர் என்றொரு சின்ன ஸ்டேஷன். ஒற்றைத் தண்டவாளம் இருந்த காலத்தில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட இங்கே ரயில்கள் காத்து நிற்கும். கிராசிங் என்றால் பயணிகளுக்கு எரிச்சல், போளி விற்கிறவர்களுக்கு வாழ்வு. தேங்காய்ப் போளி, பருப்புப் போளி என்று தட்டில் அடுக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக வருவார்கள். கடம்பூர் எந்த மாவட்டம் என்று தெரியாதவர்களுக்கும் கடம்பூர் போளி தெரிந்திருந்தது அந்தக் காத்திருப்பால்தான். இப்போது பாதை இரட்டையாகிவிட்டது, மின்சார எஞ்சின் வந்துவிட்டது. வழிவிடுவதற்காக நிற்க வேண்டிய அவசியம் போயிற்று.

சாலையில் மாற்றம் இன்னும் பெரிதாக வந்தது. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் வடக்கு–தெற்குப் பாதையில் இந்தச் சாலையும் சேர்ந்து, நால்வழியாகி, ஊரை விட்டு ஒதுங்கி நேராகப் போய்விட்டது. எண்கூட மாறி இன்று அது 44. “சாத்தூர் உள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்கோங்க” என்று கண்டக்டர் ஏறும்போதே சொல்லிவிடுவார். நடுராத்திரியில் பெட்டியும் குழந்தையுமாக நால்வழிச் சாலையில் இறக்கிவிடப்பட்டு, ஊருக்குள் நடந்து வந்த குடும்பங்களின் கோபம் நியாயமானது. பஸ் நின்றபோது தொல்லை, நிற்காதபோது அதைவிடப் பெரிய தொல்லை.

போனது பஸ் மட்டுமா? சாத்தூரில் பேனா நிப்பு செய்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் கோடு கிழித்து, முனையைத் தேய்த்து வீட்டுக்கு வீடு நடந்த தொழில் அது. சாத்தூர் நிப்பு பல மாநிலங்களுக்குப் போனது. பால்பாயின்ட் பேனா பரவப் பரவ பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. தீப்பெட்டி இன்னும் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் தெம்பாக அல்ல. 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி இரண்டு ரூபாயாவதற்கு 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலிவு லைட்டர்களோடு மல்லுக்கட்டிக் களைத்த பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-இல் மத்திய அரசு தடை போட்டது. இதற்குள் இளைஞர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். பகல் பதினொரு மணிக்கு மெயின் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அப்படி நின்றிருந்தால் லாரி அடித்துப் போட்டிருக்கும்.

இப்படியெல்லாம் ஆன ஊரில் சாப்பாடும் படுத்திருக்கும் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சேவுக் கடையில் தொடங்குகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்பு மூட்டுகிற ஒரு பழைய கடை. ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அகல வாணலியில் எண்ணெய் காய்கிறது. மாஸ்டர் அதற்கு மேலே மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, அரைத்த பூண்டு, வத்தல் பொடி, உப்பு. பிசைந்த உருண்டையைச் சேவுக் கரண்டியில் வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே திசையில் தேய்க்கிறார். கண்களின் வழியே மாவு முத்து முத்தாக, பிறகு விரல் விரலாக எண்ணெயில் விழுகிறது. விழுந்ததும் நுரை பொங்கி முழுதும் மூடிக்கொள்கிறது. கரண்டியால் கிளறுவதில்லை, பார்ப்பதுகூட இல்லை. நுரை அடங்குகிற சத்தத்தைக் கேட்டுத்தான் அரித்து எடுக்கிறார். சுடச்சுட அள்ளிப் போடச் சொன்னேன்.

“ஆறட்டும் அண்ணாச்சி. சூட்டோட கட்டுனா ஆவி அடிச்சு நமத்துப்போகும். நாளைக்கு வந்து என்னையத்தான் திட்டுவீங்க.”

நாளைக்கு நான் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய மற்ற வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் நாளைக்கும் வருவார்கள், அதற்கடுத்த நாளும் வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் என்னிடமும் பேசினார். சாத்தூரில் சேவு பயணத் தீனி அன்று. ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, தயிர் சோற்றில் நொறுக்கிப் போட, வீட்டில் காய் இல்லாத அன்றைக்கு ஒப்பேற்ற. நூறு கிராம், ஐம்பது கிராம் என்று தினமும் வாங்குகிறார்கள். நேற்றைய எண்ணெயில் போட்டால் முதல் வாய்க்கே கண்டுபிடித்துவிடுகிற ஜனம். பஸ் ஜன்னல் வியாபாரம் போனதும் கடைக்காரருக்கு மிஞ்சியது இந்தக் கறாரான நாக்குகள்தான். அவர்களுக்குப் பயந்து போடுகிற சேவு இன்று எனக்கும் கிடைக்கிறது.

பக்கத்துத் தட்டில் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் சுற்றிப் பிழிந்து கருப்பட்டிப் பாகில் போட்டு எடுப்பது. மேலே மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே பாகு. கருப்பட்டிக்கே உரிய லேசான புகைவாசனையும் கடைசியில் ஒரு உப்புக் கரிப்பும் தங்கும். சீனிப்பாகில் போட்டதும் உண்டு, அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது இந்த மிட்டாய்க்கு நல்லதாயிற்று. பனையோலைக் கொட்டானில் கட்டித் தந்தார். ஓலை பாகின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மிட்டாயை நமக்கவிடாமல் வைக்கிறது.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் வருகிற நேரத்துக்குச் சந்து முனைகளில் வேறொரு சமையல் தொடங்குகிறது. பகலெல்லாம் குச்சி அடுக்கிய கைகள். வீட்டுக்குப் போய் உலை வைக்கத் தெம்பில்லாத நாள்களில் பரோட்டாவும் சால்னாவும் பார்சல். அந்தக் கடைகளில் போர்டு கிடையாது. கல்லுக்குப் பின்னால் கணவர், இலைக்கும் காசுக்கும் மனைவி. நான் உட்கார்ந்த கடையில் ஒரு அக்கா தூக்குவாளியை நீட்டி, “நேத்து சால்னால காரம் தூக்கலா இருந்துச்சு, பிள்ளை சாப்பிடல” என்றார். கடைக்காரம்மா ஒன்றும் பேசாமல் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கூட்டி ஒரு கரண்டி தனியாகக் கலக்கி ஊற்றினார். நால்வழிச் சாலை ஓரத்து ஓட்டலில், பஸ்ஸை நிறுத்தியதற்காக டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இலவசமாகப் போட்டு, அந்தக் காசையும் சேர்த்துப் பயணியிடம் வாங்குகிற இடத்தில், காரத்தைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

கவனித்தால் ஒன்று புரிகிறது. அவசரமாகத் தின்று காசு கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் ஊருக்குள்ளிருந்து பைபாஸுக்கு இடம் மாறிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கான சமையலும் கூடவே போய்விட்டது. ஊரின் பெயரையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. “சாத்தூர் சேவு” என்று எழுதிய பலகைகளை மதுரை தாண்டியும் பார்க்கலாம். கோவில்பட்டிக்காரர்கள் முந்திக்கொண்டு 2020-இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். சாத்தூரும் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கரிசல் மண்ணில் விளைகிற சம்பா வத்தலுக்கே ஊர் பெயர் உண்டு. அந்த வத்தலில் போட்ட சேவுக்கு உரிமை கேட்பதில் என்ன தயக்கம்?

ஆனால் இதைச் சொல்லி ஊர் நொடித்ததை நல்லது என்று ஆக்கிவிட முடியாது. மாஸ்டரின் மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், அடுப்பின் முன் உட்கார மாட்டார். பரோட்டாக் கடையின் வியாபாரம் தீப்பெட்டி ஆபீஸின் சம்பள நாளை நம்பி நிற்கிறது. தினமும் வாங்குகிற அந்த நாக்குகள் குறைந்தால் இந்த ருசியும் நிற்காது. வெளியூர்க்காரர்கள் நாம் ஆளுக்கு அரைக் கிலோ வாங்குவதில் ஊர் நிமிர்ந்துவிடாது என்பதும் தெரியும். ஆனாலும் வாங்கலாம்.

மதுரையில் பஸ் ஏறும்போது “சாத்தூர் உள்ள போகுமா?” என்று கேட்டு ஏறுங்கள். இல்லையென்றால் விருதுநகரில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பது நல்லது, பைபாஸில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டியிருக்காது. மூன்று மணிக்குப் பிறகு போனால் அன்றைய சேவு இருக்கும். இருட்டும் வரை இருந்தால் பரோட்டா. அடுத்த நாளும் கையில் இருந்தால் பாசஞ்சர் ரயிலில் கடம்பூர் வரை போய்விட்டு வரலாம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் பாய்ந்து போகட்டும், போளிக்கல் அங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. பருப்புப் போளியை முதலில் கேளுங்கள், அதுதான் முதலில் தீருகிறது.