மாலத்தீவுப் பயணக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஆட்டோ பிடித்தால் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தான். அங்கிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். டெல்லியைவிட எவ்வளவோ கிட்டே. இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் பலரும் மலிவான விமான டிக்கெட்டைப் பிடித்துவிட்டு மற்றதை அப்புறம் யோசிக்கிறார்கள். அது தலைகீழ் வேலை. முதலில் தீவு, பிறகு படகு, கடைசியில்தான் டிக்கெட். சுமார் 1,200 தீவுகள் சிதறிக் கிடக்கும் நாடு அது. தூரத்துத் தீவுகளுக்குப் போகும் கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் மாலே பக்கத்திலேயே ஒரு ராத்திரி அறை வாடகை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

பணக்காரர் ஊர்தானே, நமக்கெதற்கு என்பார்கள். ரிசார்ட்டை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. வாடகை நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. (குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது குறையா என்ன?) மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, அறை மலிவு, ஆனால் படகு குலுக்கி எடுக்கும். வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுச் சுங்கம் அனுமதிப்பதில்லை. எனவே பழவங்காடியில் ஆசையாய் வாங்கும் குட்டி விநாயகர் வீட்டிலேயே இருக்கட்டும்.