பெற்ற தாயைத் தேடுவோருக்கு உதவும்போது

சுவிஸ், ஒல்லாந்து போன்ற நாடுகளில், பார்வைக்கு எம்மவர் போலவே இருந்தும் தமிழோ சிங்களமோ அறியாத சிலரை நாம் சந்திக்கின்றோம். கைக்குழந்தைகளாக இலங்கையிலிருந்து தத்தெடுத்து வரப்பட்ட இவர்களிற் பலருக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். பழைய பத்திரமொன்றை நீட்டி, "இதை வாசித்துச் சொல்வீர்களா? என் தாயைத் தேட உதவுவீர்களா?" என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன செய்யவேண்டும்?

முதலில் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. 1973 முதல் 1997 வரை சுவிஸுக்கு மட்டும் 881 இலங்கைக் குழந்தைகளைக் கொண்டுவர அனுமதி வழங்கப்பட்டது. ஒல்லாந்துக்குச் சென்றவர்களோ மூவாயிரத்துக்கும் அதிகம். தாய்மாருள் வறுமைப்பட்ட சிங்களப் பெண்களும் மலையகத் தோட்டத் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். குழந்தை வியாபாரம் அம்பலமானதையடுத்து 1987இல் இலங்கை அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. முறைகேடுகளைத் தடுக்கத் தவறியமைக்காக சுவிஸ் அரசு 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் ஒல்லாந்திலும் விசாரணைக் குழுவொன்று இவ்வாறான முறைகேடுகளை உறுதிசெய்தது.

ஆகவே கையிலுள்ள பத்திரத்தை வேதவாக்காக எடுத்துவிடக்கூடாது. நீதிமன்றத்தில் தாயென்று கூறி நின்ற பெண் சில வேளைகளில் கூலிக்கு வந்தவளாக இருந்திருக்கிறாள். பெயரும் ஊரும் பொருந்தினாலும் மரபணுப் பரிசோதனை முடியும்வரை "இவர்தான் உன் தாய்" என்று எவரும் சொல்லாதிருப்பதே நல்லது. பொய்த்துப்போகும் நம்பிக்கை, இரண்டாம் முறை கைவிடப்பட்டதற்குச் சமம்.

அடுத்தது தாயின் நிலைமை. மணமாகாமற் பெற்ற பிள்ளையைக் கொடுத்தவள் பின்னர் மணமுடித்து, பேரப்பிள்ளைகளும் கண்டிருப்பாள். கணவனுக்கே தெரியாத இரகசியமாக அது இருக்கலாம். பிள்ளை இறந்துவிட்டதென்று சொல்லப்பட்ட தாய்மாரும் உளர். கடையிலும் கோவிலிலும் பெயரைச் சொல்லி விசாரித்தால் மாலைக்குள் ஊர் முழுவதும் அறிந்துவிடும். பத்திரிகையிற் படம் போடுவது அதனிலும் மோசம்.

நம்பிக்கையான பெண்ணொருவர் மூலம், தனிமையில், காரணத்தை உடனே போட்டு உடைக்காமற் பேசுவதே முறை. தாய் மறுத்தால் அம்மறுப்பை மதித்து, முகவரியை மட்டும் விட்டுவரலாம். மனம் மாறச் சில ஆண்டுகள் செல்லக்கூடும். முதற் சந்திப்பிற் பணப்பேச்சை எடுக்கவேண்டாம். மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைக் கலக்காது, இரு பக்கத்தாரும் சொன்னதையே சொல்லவேண்டும்.

பதினெட்டு வயதைத் தாண்டிய ஒருவர் தன்னைப் பெற்றவர் யாரென்று அறியும் உரிமையை சுவிஸ் சட்டம் ஏற்கிறது. தேடுபவரின் உரிமையும் தாயின் மானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவசரப்படுவதாலேயே பகையாகின்றன.

எமது குடும்பங்களிலும் பெரியம்மாவோ மாமியோ தம் பிள்ளையாகவே வளர்த்தெடுத்த பிள்ளைகள் உண்டு. போரில் தாய் தந்தையரை இழந்தோரும் அவர்களுள் அடங்குவர். உண்மையை அப்பிள்ளைகள் கலியாண வீட்டுக் கதையிலிருந்தோ குடிவரவு அலுவலகத்து மரபணுப் பரிசோதனையிலிருந்தோ அறியவிடலாமா? வளர்த்தவர் வாயால், அன்போடு, காலம் தாழ்த்தாமற் சொல்லிவிடுவோம்.