கழிவில் பிறக்கும் மின்சாரம்

வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரங்களில் மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்கள் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் நாற்றத்தை நன்கறிவர். மாவுச்சத்து புளித்த அந்நீர் ஓடையிற் கலப்பின் கிணறும் நிலமும் கெடும்.

மலேசியாவில் செம்பனை ஆலைகள் பழநாரையும் கொட்டையோட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவியால் மின்சாரம் பெறுகின்றன. நம் கழிவோ நீராதலின் எரியாது. ஆயினும், காற்றுப் புகாத தொட்டியில் அதனைத் தேக்கினால் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை விளைவிக்கும். அவ்வாயு எஞ்சினை ஓட்டி மின்சாரம் தரும். சேலம் மாவட்ட ஆலைகள் சிலவற்றில் இம்முறை நடைமுறைக்கு வந்துள்ளது. எஞ்சும் நீரையும் சுத்திகரித்தே வெளிவிடல் வேண்டும்.

இதற்காகும் செலவு சிற்றாலைக்குப் பெரும் பாரமே. 1981-இல் ஒன்றுகூடிச் சேகோசர்வ் சங்கம் கண்டு, பொது விற்பனைக்கு வழிசெய்த ஆலையினர் இதற்கும் கூடுவாராயின், மின்கட்டணம் குறையும். உழவர் கிணறும் பிழைக்கும்.