முதியோர் கால்களும் குருதிச் சுற்றோட்டமும்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கோப்பிச் செய்கை பரவிய காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தனர். அவ்வரலாற்றை நினைவுகூர்ந்தே 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. அவர்தம் வழிவந்தோர் மலைச் சரிவுகளில் நின்றும் ஏறியும் உழைத்து முதுமையெய்தி, லயத்திலோ முதியோர் இல்லத்திலோ ஒடுங்கும்போது, அவர்களது கால்வலி ‘வயதுக் கோளாறு’ என ஒதுக்கப்படுகின்றது. இக்கருத்து எத்துணைத் தவறானது என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

குருதி ஓயாது சுற்றிவருகின்றது என்பதை வில்லியம் ஹார்வி 1628 இல் நிறுவினார். நாடிகள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வன. நாளங்கள் அதனை மீட்டுவருவன. கால்களில் இவ்விரண்டும் வெவ்வேறு வகையிற் பழுதுறுகின்றன. இவ்வேறுபாட்டை உணர்தலே பராமரிப்பின் அடிப்படையாகும்.

நாடி சுருங்கினால் நடக்கையிற் கெண்டைக்காலில் வலி தோன்றி, நின்றதும் தணியும். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். காலைத் தொங்கவிட்டால் சற்று ஆறும். பாதம் குளிர்ந்து, தோல் மினுங்கி, உரோமம் உதிரும். விரல்நுனிப் புண் ஆறாது. றத்தோட்டைப் பகுதி மலைக்குளிரில் இரு கால்களும் சில்லிடுதல் இயல்பே. ஒரு கால் மட்டும் குளிர்ந்திருப்பின் ஐயுறல் வேண்டும். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் விரல்வைத்து நாடித்துடிப்பைப் பார்க்கலாம். கணுக்காலின் குருதியமுக்கம் கையினதில் 0.9 பங்கிலும் குறைந்திருப்பின் நோயுண்டென வைத்தியர் கொள்வர்.

நாளப் பழுதோ வேறானது. மாலையிற் கால் வீங்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கபில நிறமாகும். உட்புறத்திற் புண் தோன்றும். மக்கள் ‘நரம்பு சுருட்டல்’ என வழங்குவது உண்மையில் நாளத்தின் புடைப்பே. நெடுநேரம் நின்று உழைத்தலும் பல மகப்பேறுகளும் இதற்கு ஏதுவாவன. கொழுந்து பறித்த பெண்களின் வாழ்வில் இவ்விரண்டும் சேர்ந்தே அமைந்தன.

நாளப் பழுதுக்குக் காலை உயர்த்திவைத்தலும் இறுக்கமான கட்டும் நன்மை தரும். நாடி அடைபட்ட காலுக்கு அதே கட்டு குருதியை மேலும் தடுத்துக் கேடு விளைக்கும். எனவே, வைத்தியர் நாடியைச் சோதிக்குமுன் கட்டுப்போடலாகாது. நாடி நோயாளர் புகைத்தலையும் புகையிலையையும் கைவிடுதல், நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் கட்டுப்படுத்தல், வைத்தியர் அனுமதியுடன் வலிக்கும்வரை நடந்து இளைப்பாறி மீண்டும் நடத்தல் ஆகியன வேண்டப்படுவன. உணர்விழந்த பாதத்திற்குச் சுடுநீர்ப் போத்தலோ சூடான எண்ணெயோ ஆகாது. வெந்தாலும் அவர் உணரார். ஒரு கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து வலித்தால் அது சில மணிநேரத்துள் காலையே இழக்கச்செய்யும் நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பினும் அவ்வாறே. குருதிக்கட்டி இருக்கக்கூடுமாதலின் அதனை உருவிவிடலாகாது.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நாள்தோறும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, புண்ணுண்டா எனப் பார்க்கும் ஒருவரின் நேரமே வேண்டும். அந்நேரத்துக்கு ஊதியம் கொடுப்பவர் யார் என்பது மருத்துவ வினாவன்று, சமூக வினா. குறைந்த கூலிக்குப் பலரைப் பராமரிக்கும் பணிப்பெண்ணை மட்டும் குறைகூறி அதிலிருந்து நாம் தப்பிவிட இயலாது. வாழ்நாள் உழைப்பின் பயனைப் பெற்ற சமுதாயம், அவ்வுழைப்பிற் பழுதுற்ற கால்களுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். ‘வயதுக் கோளாறு’ என்பது அப்பொறுப்பை மறைக்கும் சொல்லே.