47,200 படங்கள், 34 முகங்கள்

எங்கள் குடும்பத்துப் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி எண்ணியபோது வந்த தொகை 71,400. கேமராவில் எடுத்தவை 29,300. செல்போனில் எடுத்தவை 24,700. வாட்ஸப்பில் வந்து சேர்ந்தவை 14,200. பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை 3,200. வீடியோக்களும் இந்தக் கணக்கில் அடக்கம். மொத்தம் 412 ஜிபி. மூன்று ஹார்ட் டிஸ்க், ஐந்து பென் டிரைவ், இரண்டு பழைய செல்போன், ஒரு பிஸ்கட் டின் நிறைய சிடி என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்க்கவே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இவற்றை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள் நல்லது என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெயருக்கு வந்து சேர நான் போட்ட கணக்குதான் அவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கழித்தல். ஒரு பைட்கூட மாறாமல் அச்சு அசலாக ஒன்றேபோல் இருந்த நகல்கள் 17,900. நான்கில் ஒரு பங்கு. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்ததன் விளைவு இது. அடுத்து, காலை வணக்கப் படங்கள், கரண்ட் பில் ஸ்கிரீன்ஷாட்டுகள், கடை ரசீதுகள் என்று 6,300 போயின. மிஞ்சியவை 47,200, அளவு 298 ஜிபி. ஒரே காட்சியை ஐந்து தடவை எடுத்த படங்களில் நான் கை வைக்கவில்லை. ஐந்தில் எது நல்ல படம் என்பதை இன்னும் இருபது வருடம் கழித்து வேறொருவர் சொல்லட்டும். அந்த ஐந்தில் ஒன்றில் மட்டும் யாரோ ஒருவர் ஓரத்தில் நின்றிருப்பார்.

இந்தக் கழித்தலைச் செய்யாமல் யாரும் க்ளவுடுக்குப் பணம் கட்ட வேண்டாம். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தி. இந்தியாவில் நான் கணக்குப் போட்டபோது 200 ஜிபிக்கு ஆண்டுக்கு 2,100 ரூபாய், அடுத்த படியான 2 டிபிக்கு 6,500 ரூபாய். என்னிடம் இருப்பது 298 ஜிபி. ஆக, 200-க்கு மேல் போன அந்த 98 ஜிபிக்காக நான் ஆண்டுதோறும் 4,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2 டிபியில் 15 விழுக்காடுதான் நிரம்பியிருக்கும். மீதி 85 விழுக்காடு வெற்றிடத்துக்கு வாடகை. பத்தாண்டுக்கு 65,000 ரூபாய்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு வேறு. 2 டிபி கையடக்க டிஸ்க் ஒன்று 6,400 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வாங்கினால் 12,800. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்று வைத்தால் பத்தாண்டுக்கு 25,600 ரூபாய். கம்ப்யூட்டரில் ஒன்று, அலமாரியில் ஒன்று, திருச்சியில் தங்கை வீட்டில் ஒன்று என்று மூன்று பிரதி கிடைக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அவள் ஊருக்கு வரும்போது அலமாரி டிஸ்க்கையும் அவள் டிஸ்க்கையும் மாற்றிக்கொள்கிறோம். க்ளவுடில் ஏற்ற வேண்டுமென்றால், நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 298 ஜிபிக்கு 66 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். தங்கையின் கைப்பையில் அது ஒரு பகல் பயணம்.

படத்தைக் காப்பாற்றும் செலவு இவ்வளவுதான். இனி மென்பொருளின் விலை.

விலையைப் பார்க்கும் முன் ஆயுளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பிகாசா 2002-இல் வந்தது. 2004-இல் கூகுள் அதை வாங்கியது. 2016 மார்ச் 15-இல் கைவிட்டது. ஆயுள் 14 ஆண்டு. ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005-இல் பிறந்து 2015-இல் விற்பனையிலிருந்து போனது, 10 ஆண்டு. மைக்ரோசாப்டின் லைவ் போட்டோ கேலரி 2017 ஜனவரி 10-இல் முடிந்தது. ஃபிளிக்கர் 2013-இல் எல்லோருக்கும் 1 டிபி இலவசம் என்றது. 2018-இல் கைமாறிய பிறகு இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று சுருக்கியது. கூகுள் போட்டோஸின் எல்லையற்ற இலவசம் 2015 மே 28 முதல் 2021 ஜூன் 1 வரை, ஆறு வருடமும் நான்கு நாளும். அடோபியின் லைட்ரூம் 6-ஐ 2015-இல் 149 டாலர் கொடுத்து ஒரே தடவையில் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. 2017-க்குப் பிறகு சந்தா மட்டும். மாதம் 9.99 டாலர் என்ற பழைய கட்டணத்திலேயே பத்தாண்டு கட்டினாலும் 1,198 டாலர் 80 சென்ட், அந்த 149-ஐப் போல எட்டு மடங்கு. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் லைட்ரூம் 6-இன் வரைபட வசதி 2018 நவம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது.

ஜேபெக் கோப்பு வடிவத்தின் வயது இதற்குள் 30-ஐத் தாண்டிவிட்டது. 1992-இல் தரமாக்கப்பட்டது. இன்றும் எந்தக் கருவியில் தட்டினாலும் திறக்கிறது. மென்பொருள் வரும், போகும். கோப்பு இருக்கும். அப்படியானால் நான் உட்கார்ந்து எழுதும் பெயரும் ஊரும் தேதியும் எதற்குள் இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியின் விலை எனக்கு 2020 ஊரடங்கின்போதுதான் தெரிந்தது.

1968-இல் எடுத்த ஒரு குரூப் போட்டோ எங்களிடம் இருக்கிறது. அம்மா அப்பா கல்யாணம், சிவகங்கைப் பக்கம். மூன்று வரிசை, 34 பேர். 2011-இல் அதை ஸ்கேன் செய்தேன். அந்தத் தீபாவளிக்குப் பெரியம்மா வந்திருந்தார். கம்ப்யூட்டர் திரை முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுச் சொன்னார். “இது நம்ம தேவகோட்டை சின்ன மாமா. பக்கத்துல குடுமி வெச்சிருக்காரே, அவர்தான் பந்தல் போட்டவரு, படத்துல நிக்க மாட்டேன்னு ஓடினவரை உங்க தாத்தா பிடிச்சு நிறுத்தினாரு. இந்தப் புள்ள, பாவம், அடுத்த வருஷமே போயிட்டா.” இரண்டு சாயங்காலம் ஆயிற்று. 34 பேருக்கும் பெயர் போட்டேன். அந்த உற்சாகத்தில் மற்ற படங்களிலும் உட்கார்ந்து, மொத்தம் 4,100 முகங்களுக்கு 212 பேரின் பெயரை எழுதி முடித்தேன்.

2016-இல் கம்ப்யூட்டர் மாற்றினோம். படங்கள் இருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் ஒழுங்காக நகலெடுத்தேன், எண்ணிச் சரிபார்த்தேன், பழையதைக் கழித்துக் கட்டினேன். 2018-இல் பெரியம்மா காலமானார். 2020-இல் அந்தப் படத்தைத் திறந்தபோது 34 முகமும் இருந்தன, ஒரு பெயர்கூட இல்லை. பெயர்கள் படக் கோப்பில் எழுதப்படவே இல்லை. நான் அப்போது பயன்படுத்திய மென்பொருள் தன் சொந்தப் பேரேட்டில், வேறொரு ஃபோல்டரில், அவற்றை வைத்திருந்தது. படங்களோடு அந்தப் பேரேடு வரவில்லை. அம்மாவைக் கேட்டேன். மணப்பெண்ணாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவருக்கு அப்போது 18 வயது. 19 பேரை அடையாளம் சொன்னார். மீதி 15 பேரைத் தெரிந்த ஆள் இப்போது எங்கள் குடும்பத்தில் இல்லை.

அதனால் மென்பொருள் தேர்வுக்கு என்னிடம் இருப்பது ஒரே சோதனை. பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகத்துக்குப் பெயர், ஒரு வரி விளக்கம், ஒரு தேதி ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். மொத்தம் 30 தகவல். பிறகு அந்தப் பத்துக் கோப்பை மட்டும் வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், வேறொரு மென்பொருளில் திறந்து, 30-இல் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை.

இந்தச் சோதனைக்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். டிஜிகேம் என்பது கேடிஈ என்ற குழுவினர் 2001 முதல் வளர்த்துவரும் இலவச மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், முகக் குறிகள் உட்பட எல்லாக் கட்டங்களிலும் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பெயர், விளக்கம், தேதி எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. லைட்ரூம் கிளாசிக் தன் கேட்டலாக்கில்தான் முதலில் வைத்துக்கொள்கிறது. கண்ட்ரோலும் எஸ்ஸும் தட்டிச் சேமிக்கச் சொன்னாலோ, தானாக எழுதும் அமைப்பை நாமே இயக்கிவிட்டாலோ கோப்புக்குள் போகிறது. அந்த அமைப்பு ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். கூகுள் போட்டோஸில் எழுதும் விளக்கமும் திருத்தும் தேதியும், மொத்தமாக இறக்கும்போது படத்தில் இல்லாமல் பக்கத்தில் ஒரு ஜேசன் (JSON) கோப்பாக வருகின்றன. 47,200 படத்துக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள். அவற்றைத் திரும்பப் படத்துக்குள் ஏற்றுவது வீட்டு வேலை பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் இல்லை. வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்பவர்களிடம் இப்போது செல்வாக்கான இம்மிச், மூலப் படத்தைத் தொடுவதில்லை. முகங்களின் பெயர் அதன் தரவுத்தளத்தில் இருக்கிறது. பார்க்க அழகான மென்பொருள்தான். ஆனால் என் பயமே அந்தத் தரவுத்தளம் என்பதால் விட்டுவிட்டேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. படக் கோப்புக்குள் குறிப்பு எழுத முக்கியமாக இரண்டு முறை இருக்கிறது. செய்தி நிறுவனங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் உருவான ஐபிடிசி ஒன்று, அடோபி 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி மற்றொன்று. பழைய ஐபிடிசியில் ஊர்ப் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், 32 எழுத்து தாராளம். தமிழில் ‘ம’ என்று எழுத 3 பைட், ‘ம்’ என்றால் புள்ளிக்கு இன்னொரு 3 சேர்ந்து 6 பைட். தஞ்சாவூர் 27 பைட், பிழைத்துக்கொள்ளும். ராமநாதபுரம் 33 பைட், ஒரே ஒரு பைட் கூடுதல். திருவண்ணாமலை 36 பைட். வரம்பைக் கறாராகப் பார்க்கும் மென்பொருளில் அது ‘திருவண்ணாம’ என்று நின்றுபோகும். குறிச்சொல்லுக்கு 64 பைட், அதாவது கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து 21 குறிகள். எக்ஸ்எம்பியில் இப்படி வரம்பு இல்லை. நம் ஊர்ப் பெயர்கள் முழுதாக இருக்க வேண்டுமென்றால் எக்ஸ்எம்பி எழுதும் மென்பொருள்தான் நமக்கு.

கோப்புக்குள் எழுதினால் இடம் அடைக்காதா என்றால், ஒரு படத்துக்கு 4 கேபி என்று தாராளமாக வைத்தாலும் 47,200 படத்துக்கு 189 எம்பி. 298 ஜிபியில் அது ஒரு துளி. ஒரு சங்கடம் இருக்கிறது. கோப்பு மாறுவதால் பேக்கப்பில் மறுபடி முழுப் படத்தையும் நகலெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக எழுதினாலும் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 50 நிமிடம். தாங்கிக்கொள்ளலாம்.

பெரிய செலவு உழைப்பில்தான். ஒரு படத்துக்கு 5 வினாடி என்றாலும் 47,200 படத்துக்கு 65 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நான் நிகழ்ச்சிவாரியாக 1,140 ஃபோல்டராகப் பிரித்தேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம், குற்றாலம் என்று. ஃபோல்டருக்கு ஒரு நிமிடத்தில் ஊரும் நிகழ்ச்சியும் மொத்தமாக எழுதினால் 19 மணி நேரம். முகங்களை டிஜிகேம் தேடித் தொகுத்துத் தருகிறது. நாம் ‘ஆமாம்’, ‘இல்லை’ சொன்னால் போதும். ஸ்கேன் படங்களில்தான் நேரம் போகிறது. அவற்றின் தேதி ஸ்கேன் செய்த நாளாகவே இருக்கும். 1968-இல் நடந்த கல்யாணம் 2011 தீபாவளி வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும். வாட்ஸப் படங்களில் கேமரா எழுதிய தேதியும் இடமும் அனுப்பும்போதே உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரில் இருப்பது வந்து சேர்ந்த நாள். அதனால் உறவினர்களிடம் நல்ல படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்கிறேன்.

என் முடிவு இது. வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஜிகேம், விலை 0. ஒரு லட்சம் படத்துக்குள் இருப்பவர்களுக்கு அது சாதாரணமாகவே ஓடும். இரண்டு டிஸ்க், பத்தாண்டுக்கு 25,600 ரூபாய். கூகுள் போட்டோஸை அண்ணன் தங்கைகளோடு பகிர்ந்துகொள்ள மட்டும், அந்த 15 ஜிபிக்குள். ரா (RAW) கோப்பில் எடுத்து வண்ணம் திருத்தும் தொழில்முறைக்காரர்களுக்கு லைட்ரூம் சந்தா நியாயமான செலவு. தானாக எழுதும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடட்டும்.

உங்கள் வீட்டில் பெரியம்மாவோ சித்தப்பாவோ இருந்தால் மென்பொருளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே பழைய ஆல்பத்தோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு, இடப்பக்கத்திலிருந்து யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் படத்தில் பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக, கையில் குழந்தையோடு ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பெயரை 2011-இல் நானே தட்டச்சு செய்தேன். இப்போது எனக்கு நினைவில்லை.