மைக்கில் 'கோட் புளூ' என்று கேட்டால் நாம் எங்கே நிற்க வேண்டும்?



நம் சொந்தத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் நாம் வீட்டில் இருக்க மாட்டோம். நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி; அது அவருக்கு நம் மீதுள்ள உரிமை. அதனால் நம்மவர் ஒருவர் அட்மிட் ஆனால் கட்டிலைச் சுற்றி நாலைந்து பேரும், வராந்தாவில் பத்துப் பேரும், கீழே வாசலில் இன்னும் சிலரும் இருப்பது வழக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே நேரத்தில் மேலே மைக்கில், 'கோட் புளூ, மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு' என்று ஒரு குரல் இரண்டு மூன்று முறை கேட்கிறது. நர்ஸுகள் ஓடுகிறார்கள். நம்மவர்களும் என்னவோ ஏதோ என்று அதே பக்கம் ஓடுகிறார்கள். இந்த ஓட்டத்தால் ஓர் உயிர் போகக்கூடும் என்பது பலருக்குத் தெரியாததால்தான் இதை எழுதுகிறோம்.

'கோட்' என்பது ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குள் வைத்துக்கொண்ட அடையாளச் சொல். 'தீப்பிடித்துவிட்டது', 'குழந்தையைக் காணோம்' என்று மைக்கில் அப்படியே சொன்னால் நடக்க முடியாத நோயாளியும் பதறி எழுந்து விழுவார். அதனால் ஒரு நிறத்தின் பெயரையும் இடத்தையும் மட்டும் சொல்கிறார்கள். கேட்டவுடன் யார் எங்கே போக வேண்டும், யார் எதை எடுத்து வர வேண்டும் என்பது முன்பே பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல் கிடையாது. புளூ என்றால் உயிருக்கு ஆபத்து, ரெட் என்றால் தீ, பிங்க் என்றால் குழந்தை. இந்த மூன்றும் அநேகமாக எங்கும் ஒன்றுதான். மற்ற நிறங்கள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தென்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது தவறான கோட் அறிவிக்கப்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2000-ஆம் ஆண்டில், அந்தப் பகுதி மருத்துவமனைகளின் சங்கம் எல்லோருக்கும் பொதுவான பட்டியல் ஒன்றைக் கொண்டுவர முன்வந்தது.

கோட் புளூவை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் அதிகம் சந்திப்பதும், அதிகம் தடுமாறுவதும் அதில்தான். ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது அல்லது மூச்சு நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள். மூளைக்கு இரத்தம் போகாமல் நாலைந்து நிமிடம் கடந்தால் மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவே உடனே நெஞ்சின் நடுவில் கையை ஊன்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துகிறார்கள். இது கடுமையான வேலை. இரண்டு நிமிடத்தில் அழுத்துபவர் களைத்துவிடுவார், அடுத்தவர் மாற வேண்டும். ஒருவர் மூச்சுக் கொடுக்க, ஒருவர் ஊசி போட, ஒருவர் நேரம் பார்த்து எழுத, மருந்து வண்டியும் ஷாக் கொடுக்கும் மெஷினும் கட்டிலை ஒட்டி நிற்க, ஏழெட்டுப் பேருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் நாம் நின்றால் அவர்கள் எங்கே நிற்பார்கள்?

ஆகவே கோட் புளூ கேட்டால், அது நம் நோயாளிக்கு இல்லையென்றால், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வராந்தாவில் நிற்பவர்கள் சுவரோரம் ஒதுங்க வேண்டும். லிஃப்டில் இருந்தால் அடுத்த மாடியில் இறங்கி, டாக்டர் குழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தரையில் விரித்த பாய், சாப்பாட்டுக் கூடை, செருப்பு எல்லாவற்றையும் ஓரமாக இழுத்துவிட வேண்டும். வராந்தாவில் தொழுகைக்கு விரிக்கும் முஸல்லாவுக்கும் இதே விதிதான். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆஸ்பத்திரி வராந்தாவும் வழிதானே.

அது நம் நோயாளிக்கே என்றால் நிலைமை வேறு. அந்த நேரத்தில் வெளியே போங்கள் என்று சொல்லும் நர்ஸின் மீது நமக்குக் கோபம் வருகிறது. 'உள்ளே என்னமோ செய்கிறார்கள், நம்மை விரட்டுகிறார்கள்' என்று நினைக்கிறோம். திரை விலகிய இடுக்கில் பார்த்துவிட்டு 'நெஞ்சில் குத்துகிறார்கள்' என்று அழுதவர்களும் உண்டு. சரியான ஆழத்துக்கு அழுத்தும்போது விலா எலும்பு முறிவதும் நடக்கும். அதற்காக அழுத்துவதை நிறுத்தினால் உயிர் போய்விடும். ஷாக் கொடுக்கும் நொடியில் நோயாளியையோ கட்டிலையோ யாரும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உம்மாவின் கையை விடமாட்டேன் என்று மகள் பிடித்துக்கொண்டிருந்தால் அவரை விலக்கும்வரை டாக்டர் பொத்தானை அழுத்த முடியாது. உங்களில் ஒருவர் மட்டும் கதவருகே நின்று, நோயாளிக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டால் சொல்லத் தயாராக இருந்தால் போதும்.

நம் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நோயாளி ஒரு பெண். வருகிற டாக்டரும் வார்டு பையனும் ஆண்கள். மெஷினின் பட்டைகளை ஒட்ட மேலாடையைத் திறக்க வேண்டும், சில சமயம் கத்தரிக்க வேண்டும். 'லேடி டாக்டரைக் கூப்பிடுங்கள்' என்று வாசலை மறிப்பது அந்தப் பெண்ணின் கண்ணியத்தைக் காப்பதாக நமக்குத் தோன்றலாம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் தடைகள் தளர்கின்றன என்பதும், அந்தத் தளர்வு தேவையான அளவுக்கு மட்டும் என்பதும் ஃபிக்ஹு கற்ற எவரும் அறிந்த விதி. பெண் டாக்டர் பக்கத்தில் இருந்தால் அவரே வருவார். இல்லையென்றால் இருப்பவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. நாம் செய்யக்கூடியது, திரையை இழுத்துவிடச் சொல்வது, நம் வீட்டு ஆண்களையும் சேர்த்து வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்துவது, எல்லாம் முடிந்ததும் போர்வையால் மூடச் சொல்வது. இதை அட்மிட் ஆகும் அன்றே சிஸ்டரிடம் சொல்லி வைத்தால் அவர்கள் மதிப்பார்கள்.

ஜம்ஜம் தண்ணீர் விஷயமும் அப்படியே. நினைவு இல்லாதவருக்கு விழுங்கும் சக்தி இருக்காது. வாயில் ஊற்றும் ஒரு ஸ்பூன் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். சிஸ்டரைக் கேட்டு, அவர் சரி என்றால், பஞ்சில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தலாம். கோட் புளூ நடக்கும்போது அதுவும் வேண்டாம். யாஸீன் ஓதுவதும் துஆ செய்வதும் வெளியே நின்றும் நடக்கும். முயற்சி பலிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால், கலிமா சொல்லிக்கொடுக்க ஒருவரை அனுமதியுங்கள் என்று அமைதியாகக் கேட்கலாம். கேட்ட முறையில் கேட்டால் அநேகமாக மறுக்க மாட்டார்கள்.

உங்கள் கண்முன்னே நோயாளி திடீரென்று பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்தால், டாக்டரைத் தேடிக் கீழே ஓடாதீர்கள். கட்டிலின் பெல்லை அழுத்தி, 'சிஸ்டர், கூப்பிட்டால் பதில் இல்லை' என்று உரக்கச் சொல்லுங்கள். தூக்கி உட்கார வைப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் பயன் தராது.

கோட் ரெட் என்றால் தீ. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள்; அவர்கள் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டவர்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிடித்த தீயால் சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, மேல்மாடிகளுக்கு ஏறிய புகை. இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும். லிஃப்டைத் தொடக் கூடாது. புகை வந்தால் குனிந்து, ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி, படிக்கட்டுப் பக்கம் போக வேண்டும். கடந்து வந்த கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய கதவு புகையைச் சில நிமிடங்களாவது தடுக்கும். நடக்கக்கூடிய நோயாளியைக் கைபிடித்துக் கூட்டிப் போகலாம். குழாய்களும் மெஷின்களும் பொருத்தியவரை நீங்களாகக் கழற்றித் தூக்கக் கூடாது. அவர்களை முதலில் அதே மாடியில் புகையில்லாத அடுத்த பகுதிக்கு நகர்த்துவதுதான் ஊழியர்களுக்குத் தரப்படும் பயிற்சி. செல்போன், பர்ஸ், புர்கா என்று எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். தலைக்குப் போட கட்டில் விரிப்பு போதும்.

தீ வராமல் பார்ப்பதில் நமக்கும் பங்கு உண்டு. ஆக்ஸிஜன் போகும் இடத்தில் சின்னப் பொறியும் பெரிதாகப் பற்றும். சக்ராத் நிலையில் இருப்பவர் அருகே ஊதுபத்தி கொளுத்துவதும் சாம்பிராணி போடுவதும் வார்டில் கூடவே கூடாது. கஞ்சி சூடு பண்ண வீட்டிலிருந்து கொண்டுவரும் கெட்டிலும், ஒரே பிளக்கில் மாட்டும் நாலு சார்ஜரும் அதே கணக்குதான்.

கோட் பிங்க் என்றால் குழந்தையைக் காணவில்லை. 2021 அக்டோபரில் தஞ்சாவூர் அரசு ராசா மிராசுதார் மருத்துவமனையில், உதவிக்கு வந்தவர்போல் பழகிய ஒரு பெண், பிறந்து சில நாளே ஆன குழந்தையைக் கட்டைப்பையில் வைத்து எடுத்துப் போய்விட்டார். போலீசார் தேடி மீட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். கோட் பிங்க் அறிவித்தவுடன் எல்லா வாசல்களையும் அடைப்பார்கள். பைகளைத் திறந்து பார்ப்பார்கள். கையில் குழந்தையோடு இருப்பவர் யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள். முகத்திரை அணிந்த நம் பெண்களிடம் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு சத்தம் போட வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு தாய் கதறிக்கொண்டிருக்கிறாள். 'பெண் செக்யூரிட்டியை வரச் சொல்லுங்கள், தனியாகக் காட்டுகிறேன்' என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேளுங்கள், ஆனால் மறுக்காதீர்கள்.

பாங்கு சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. ஹஜ்ரத் கீழே நிற்கிறார், காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு யாராவது ஒரு மாமியோ சாச்சியோ வார்டை விட்டு இறங்கி வருவது நம் வழக்கத்தில் உண்டு. இது வேண்டாம். பிள்ளையின் அத்தாவோ நன்னாவோ கட்டிலருகிலேயே பாங்கு சொல்லலாம். குழந்தையைப் பரிசோதனைக்கு எடுத்துப் போகிறேன் என்று யார் கேட்டாலும் அடையாள அட்டையைப் பாருங்கள், வீட்டார் ஒருவர் கூடவே போங்கள். தாய் குளிக்கப் போகும் பத்து நிமிடத்துக்கும் குழந்தை நம் வீட்டார் கையில்தான் இருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. வன்முறைக்கான கோட் சில இடங்களில் பர்ப்பிள், சில இடங்களில் கிரே, சில இடங்களில் வயலட். மவ்த்துச் செய்தி கேட்ட வேகத்தில் நம் இளைஞர்கள் டாக்டரின் சட்டையைப் பிடித்தால் அறிவிக்கப்படுவது இதுதான். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்குப் பல ஆண்டு சிறைத்தண்டனை உண்டு. சிகிச்சையில் சந்தேகம் இருந்தால் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். மனு எழுத நம் அறக்கட்டளை அலுவலகம் உதவும். பிளாக் என்றால் பெரும்பாலும் வெடிகுண்டு மிரட்டல். ஆளில்லாத பையைத் தொடாமல் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் எதையும் பரப்பாதீர்கள். யெல்லோ அல்லது ஆரஞ்சு என்பது பல இடங்களில் பெரும் விபத்தில் அடிபட்டவர்கள் மொத்தமாக வருவதைக் குறிக்கும். அப்போது இரத்தம் கொடுக்க நம் பிள்ளைகள் முப்பது பைக்கில் வந்து அவசரப் பிரிவு வாசலை அடைத்துவிடுகிறார்கள். எண்ணம் நல்லது, ஆம்புலன்ஸ்தான் நுழைய முடியவில்லை. இரத்த வங்கியில் பெயரும் குரூப்பும் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். இரத்தம் கொடுத்து ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் ஆகாதவர்கள் வரவே தேவையில்லை.

அட்மிட் ஆகும் அன்று பணம் கட்டி பாஸ் வாங்கியதும், அந்த வார்டு சிஸ்டரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே என்னென்ன கோட் சொல்வீர்கள், படிக்கட்டு எந்தப் பக்கம், இரவில் அவசரத்துக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும். பதிலை பாஸின் பின்பக்கம் எழுதி, இரவு கூட இருப்பவர் மாறும்போது கையோடு கொடுத்துவிடுங்கள்.

நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சியை நம் மதரஸா கட்டடத்தில் நடத்த அறக்கட்டளை ஏற்பாடு செய்துவருகிறது. ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்குத் தனியாக ஒரு நாள். பெண்களுக்குப் பயிற்சி தருபவரும் பெண்ணே. தேதி ஜும்ஆ அறிவிப்பில் சொல்லப்படும். வீட்டுக்கு ஒருவராவது பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.