பின்னால் வருகிறவர் கவனத்துக்கு!

நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது யாருக்கு வேலை அதிகம்? முன்னால் இழுக்கிறவருக்கா, பின்னால் சும்மா உட்கார்ந்து வருகிறவருக்கா?

'இதென்ன கேள்வி? இழுக்கிறவருக்குத்தான்!' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2012 பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பிய அந்த மத்தியானம் வரை.

நான் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவன். கார் தள்ளிப் பழக்கமில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்னக் கார். திண்டிவனம் தாண்டி, அச்சிறுப்பாக்கமும் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று 'டப்'. இன்ஜின் அவுட். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். (எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் நானும் பார்த்தேன். பார்த்து என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும்?)

"உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, என் தம்பிக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி.

மச்சினன் மதுராந்தகத்துக்காரன். அரை மணியில் ஜீப்போடு வந்து இறங்கினான். "கவலைய விடுங்க மாமா, கட்டி இழுத்துட்டா முடிஞ்சுது. நம்ம ஊர்ல நல்ல மெக்கானிக் இருக்கார்" என்றபடி ஒரு கயிற்றை எடுத்தான். துணி காயப்போடும் கொடிக்கயிறு! அதை என் கார் பம்பரில் கட்டினான். ஜீப்பை உறுமிக் கிளப்பினான். 'பட்'டென்று அறுந்த கயிறு, சாட்டை மாதிரி வந்து பானெட்டில் விளாசியது. நல்லவேளை, நடுவில் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் முகம் போயிருக்கும்.

பிறகு பக்கத்துக் கடையில் தடிமனான நைலான் கயிறு கிடைத்தது. 'ரெட்டையா மடிச்சுக் கட்டினா அறுகவே அறுகாது' என்று மடித்துக் கட்டினான். இரண்டு வண்டிக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். மனைவியும் ஆறு வயசுப் பெண்ணும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். பெண் பின்சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். அப்பாவை நாய்க்குட்டி மாதிரி கட்டி இழுத்துப் போவதில் அவளுக்கு அத்தனை குஷி.

ஒரு சாண் தூரம்

ஜீப் 40-ஐத் தொட்டது. எனக்கு வேலையே இல்லை. கயிறு தளரும்போதெல்லாம் பிரேக்கை லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானதை நான் கவனிக்கவில்லை.

மேல்மருவத்தூரை நெருங்கும்போது, சிவப்புச் சேலை கட்டிய பக்தைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். மச்சினன் பிரேக் போட்டான். நானும் போட்டேன். பெடல் கல்லாக நின்றது!

இரண்டு காலையும் வைத்து, சீட்டில் முதுகை முட்டுக் கொடுத்து மிதித்தேன். கார் நகர்ந்துகொண்டே போகிறது. ஜீப்பின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெண்ணின் முகம், சிரித்தபடி.

நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் நடுவே ஒரு சாண். அளந்தே பார்த்தேன். கை நடுங்கியதால் சரியாக அளக்க முடியவில்லை.

லாரிக்கார அண்ணன்

ரோட்டோர டீக்கடையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், கிளாஸை வைத்துவிட்டு வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும்.

"ஏன் தம்பி, இன்ஜின் ஓடலேன்னா பிரேக்கும் பாதிதான்னு தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

திட்டுவார் என்று பார்த்தேன். பாடம் எடுத்தார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் காரில் பிரேக் மிதிக்கும் நம் காலுக்கு ஒத்தாசையாக 'பூஸ்டர்' என்று ஒன்று இருக்கிறது. ஓடுகிற இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வாக்குவம்தான் அதற்குப் பலம். இன்ஜின் நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அப்புறம் முழுக்க முழுக்க உங்கள் கால் பலம்தான். பிரேக் பிடிக்கும், ஆனால் பல மடங்கு அழுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் அதே கதைதான். இன்ஜின் இல்லாவிட்டால் அம்மிக்கல்லைத் திருப்புகிற மாதிரி இருக்கும்.

"சாவி எங்கே?" என்றார்.

"பாக்கெட்ல."

"ஸ்டியரிங்கைத் திருப்புங்க."

திருப்பினேன். 'கடக்' என்று பூட்டிக்கொண்டது. எனக்கு வேர்த்துவிட்டது. திருடனுக்காக வைத்த பூட்டு! பாதி வழியில் ஏதோ நினைப்பில் சாவியை உருவியிருந்தால், முதல் வளைவில் நானே என்னைத் திருடன் கணக்காகப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

"சாவி உள்ளேயே, 'ஆன்'லயே இருக்கணும். கியர் நியூட்ரல்ல. ஹாண்ட் பிரேக் முழுசா இறங்கியிருக்கணும்."

அடுத்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஜாக்கி, ஸ்பானரோடு ஒரு இரும்புக் கொக்கி கிடந்தது. வாங்கின நாளாகக் கிடக்கிறது, என்னவென்று நான் கேட்டதே இல்லை. பம்பரில் இருந்த சின்ன மூடியைப் பெயர்த்து, உள்ளே இருந்த துளையில் அந்தக் கொக்கியைத் திருகினார். கடைசி வரை திருகி, வீல் ஸ்பானரால் முறுக்கினார். (சில கார்களில் மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பும். சில கார்களில் கொக்கி அடியிலேயே நிரந்தரமாக இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) பம்பரிலோ, ஸ்டியரிங் ராடிலோ கட்டவே கூடாதாம். இழுக்கிற இழுப்பில் கையோடு வந்துவிடும்.

முக்கால் விநாடிக் கணக்கு

மடித்த கயிற்றைப் பிரித்து, நாலரை மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டினார். நடுவில் தன் சிவப்புத் துண்டை முடிந்தார். இல்லாவிட்டால் இரண்டு வண்டிக்கும் நடுவே சைக்கிளோ பைக்கோ புகுந்துவிடுமாம்.

பின்னாளில் விசாரித்தபோது தெரிந்தது, அண்ணன் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார் என்று. 1989-ல் வந்த சாலை விதிகளில், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு மற்றவர் கண்ணில் படவேண்டும், பின்வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், அதன் முதுகில் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும் என்று இருந்தது. 2017-ல் புது விதிகள் வந்துவிட்டன. ஆனால் கணக்கு மாறவில்லை. 24 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க முக்கால் விநாடி. 50-ல் போனால் அதில் பாதிகூட இல்லை. நான் இரண்டு மீட்டரில், 40-ல் வந்தவன். கணக்குப் போட்டுப் பார்க்க இன்றைக்கும் தைரியமில்லை.

போர்டுக்கு என்ன செய்வது? ஊரில் கொடுத்த புதுக் காலண்டர் இருந்தது. அதன் வெள்ளை முதுகில் மகள்தான் பெரிதாக எழுதினாள். எழுத்து கோணல், ஆனால் 75 மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது!

"முக்கியமான விஷயம் ஒண்ணு" என்றார் அண்ணன். "முன்னாடி இருக்கிறவர் இழுப்பார். பிரேக் போடுறது நீங்க. கயிறு எப்பவும் விறைப்பா இருக்கணும். அவர் பிரேக் லைட் எரிஞ்ச உடனே உங்க கால் போயிடணும். பாலத்துல இறங்கறப்போ அவருக்கும் சேர்த்து நீங்கதான் பிடிக்கணும்."

மச்சினனுக்கும் கிடைத்தது. "தம்பி, கிளட்சை மெதுவா விட்டுக் கயிறு விறைச்ச அப்புறம்தான் ஆக்ஸிலேட்டர். நிறுத்தறதுக்கு முன்னாடி பிரேக்கை லேசாத் தொட்டு லைட் காட்டு, அப்புறம் போடு. திரும்பும்போது வட்டம் பெரிசா எடு." ஒரு ஹாரன் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு என்று பேசிக்கொண்டோம். ஹஸார்டு விளக்கு எரியும்போது இண்டிகேட்டர் வேலை செய்யாது என்பதால் திரும்புவதற்குக் கைதான் காட்ட வேண்டும்.

கிளம்பினோம். பெண்ணை முன்சீட்டில் அம்மா மடிக்கு மாற்றச் சொன்னேன். அவள் ஒரே அழுகை. முக்கால் மணி நேரம் ஊர்ந்து மதுராந்தகம் சேர்ந்தபோது, என் வலது கால் எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. சந்தேகமே இல்லை, வேலை பின்னால் இருப்பவருக்குத்தான்!

வீட்டுப்பாடம்

இன்றைக்கு இந்தக் கஷ்டம் பெரும்பாலும் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குப் போன் செய்தால் உதவி வரும். இன்ஷூரன்ஸிலேயே தனியாகக் கட்டினால் வண்டியைத் தூக்கிப் போக ஏற்பாடு உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் கார், பேட்டரி கார் என்றால் கயிற்றைத் தொடவே தொடாதீர்கள். சக்கரம் தரையில் உருண்டாலே உள்ளே கெட்டுப்போகும். தட்டு லாரியில் ஏற்றுவதுதான் வழி. பிரேக் கோளாறால் நின்ற வண்டியையும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இருட்டிலும் மழையிலும் வேண்டவே வேண்டாம். கயிறு என்பது பக்கத்து மெக்கானிக் ஷெட் வரைக்கும்தான்.

ஒரு சின்னப் பரீட்சை மட்டும் செய்து பாருங்கள். நிறுத்தி வைத்த பெட்ரோல் காரில், இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலு தடவை மிதியுங்கள். பெடல் கல்லாகும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் மெதுவாக உள்ளே இறங்கும். அந்தக் கல்தான் அன்றைக்கு என் காலடியில் இருந்தது.

கல்லூரிக்குப் போகும் என் மகள் கார் கற்றுக்கொண்டபோது, முதல் பாடமாக இதைத்தான் செய்ய வைத்தேன். நாலாவது மிதியில், "என்னப்பா இப்படி இருக்கு!" என்றாள். அந்தக் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு ஞாபகம் இருக்குப்பா. நான் கையாட்டிக்கிட்டே இருந்தேன். நீ ஆட்டவே இல்ல. கோபமோன்னு நினைச்சேன்" என்றாள்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துதும்மா" என்றேன்.